யுகேஸின் ரெஸ்யூமே: சுங்கை சிப்புட் குடும்பக் குழு

யுகேஸ்: கவிதா அக்கா, தகவல் பாதுகாப்பு வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். என் ரெஸ்யூமேயை இங்கே இணைத்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்லுங்கள்.

கவிதா அக்கா: தம்பி, முதலில் கோப்பைக் குழுவிலிருந்து நீக்கிவிடு. அடையாள அட்டை எண்ணை அப்படியே எழுதியிருக்கிறாய். அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு உன் பிறந்த தேதியையும், அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும் சொல்லிவிடும். பிறர் தகவலைக் காக்கும் வேலைக்கு மனுப் போடுகிறவனிடம் நேர்காணல் செய்பவர் முதலில் கவனிப்பது இதைத்தான்.

யுகேஸ்: நீக்கிவிட்டேன், அக்கா.

தனபாலன் மாமா: நான் தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலைக்கு மனுப் போட்டபோது தகப்பனார் தொழில்வரை கேட்டார்களே, கவிதா?

கவிதா அக்கா: வேலை உறுதியான பிறகு கேட்டால் கொடுக்கட்டும், மாமா. யுகேஸ், செம்பனை ஆலையில் நீ செய்யும் வேலையைக் ‘கணினிப் பராமரிப்பு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கத்தை மென்பொருள் பெயர்களால் நிரப்பியிருக்கிறாய். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை அன்றே முடக்குவது, லாரி எடை போடும் கணினியின் தரவைக் காப்புநகல் எடுத்து அதிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என்று சோதித்துப் பார்ப்பது, போலி இன்வாய்ஸ் மின்னஞ்சல் வந்தபோது கணக்குப் பிரிவை எச்சரித்தது ஆகிய மூன்றும் பாதுகாப்பு வேலைகளே. 2024 ஆகஸ்ட் 26 அன்று நடைமுறைக்கு வந்த மலேசியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிடும் 11 முக்கியத் துறைகளில் வேளாண்மையும் தோட்டத் தொழிலும் அடங்கும். ஆகவே ஆலை அனுபவத்தைச் சிறிதாக நினைத்து ஒளிக்காதே.

யுகேஸ்: எல்லா இடத்துக்கும் ஒரே ரெஸ்யூமேயை அனுப்பலாமா?

கவிதா அக்கா: கூடாது. இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் கண்காணிப்பு மைய வேலை என்றால் மின்னஞ்சல் மோசடியைக் கண்டுபிடித்ததும் கணினி தானாகக் குறித்துவைக்கும் பதிவேடுகளைப் படித்துக் காரணம் தேடியதும் மேலே வரட்டும். தணிக்கை, இணக்கம் (விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பது) சார்ந்த வேலை என்றால் கணக்கு முடக்கமும் காப்புநகல் சோதனையும் முதலில் வரட்டும். தகவல் பாதுகாப்பு மேலாண்மைக்கான அனைத்துலகத் தரமான ஐஎஸ்ஓ 27001 படித்திருந்தால் அதையும் சேர். செய்யாததை மட்டும் எழுதாதே. இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

தனபாலன் மாமா: சிஐஎஸ்எஸ்பி என்ற தேர்வை எழுதினால் உடனே வேலை என்கிறார்களே?

கவிதா அக்கா: அது அனுபவமுள்ள தகவல் பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சான்றிதழ். முழுச் சான்றிதழுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும், மாமா. இவனுக்கு இப்போது செக்யூரிட்டி பிளஸ் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் போதும். தேர்வு முடியும்வரை ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றே எழுதட்டும்.

யுகேஸ்: எடை போடும் கணினி பழைய விண்டோஸில் ஓடுவதால், அதை அலுவலக வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்தேன். இதை எழுதலாமா?

கவிதா அக்கா: அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்! ஆனால் விண்டோஸின் பதிப்பையும் சர்வர் பெயரையும் எழுதாதே. அவை உன் முதலாளியின் ரகசியம். ‘புதுப்பிக்க முடியாத ஒரு கணினியைத் தனி வலையமைப்புக்கு மாற்றி, தேவையான தொடர்புகளை மட்டும் அனுமதித்தேன்’ என்று எழுது. எந்தத் தொடர்புகளை அனுமதித்தாய், ஏன் என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்குப் பதிலைத் தயார் செய்து வை.