ஏபி கிரெடிட், கம்யூனிட்டி காலேஜ் கிரேடு: ஆம்காஸ் ஃபார்மில் எப்படிக் காட்டுவது?

எடிசன்_அப்பா எழுதியது:

வணக்கம். மகள் நியூஜெர்சியில் ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டியில் மூன்றாம் வருடம் முடிக்கிறாள். ஜூனில் மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை செய்கிறாள். ஆம்காஸ் (அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது அப்ளிகேஷன்) ஃபார்மில், படித்ததையெல்லாம் பட்டியலிடும் கோர்ஸ்வொர்க் பகுதிக்கு வந்ததிலிருந்து வீட்டில் பட்டிமன்றம்தான்.

ஹைஸ்கூலில் ஏபி (காலேஜ் நிலைப் பாடங்களுக்கான அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வு) பயாலஜி, கெமிஸ்ட்ரி, கால்குலஸ் பிசி மூன்றிலும் 5க்கு 5 வாங்கினாள். யுனிவர்சிட்டி கிரெடிட் கொடுத்துவிட்டது. ஏபி ஃபிசிக்ஸில் 3தான், அதற்கு கிரெடிட் வரவில்லை. அப்புறம் பதினொன்றாம் வகுப்பில் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் சில கோர்ஸ் எடுத்தாள். இங்கிலீஷ் காம்போசிஷனில் பி, ப்ரீகால்குலஸில் சி பிளஸ், ஸ்டாடிஸ்டிக்ஸை நடுவில் விட்டதால் ஒரு டபிள்யூ (வித்ட்ராயல்). யுனிவர்சிட்டி டிரான்ஸ்கிரிப்டில் (மார்க் பட்டியலில்) முதல் இரண்டும் வெறும் டி.ஆர். (டிரான்ஸ்ஃபர்) என்று இருக்கின்றன, கிரேடே இல்லை.

என் மனைவி சொல்வது: கிரேடு தெரியாதபடி யுனிவர்சிட்டியே மூடிக்கொடுத்திருக்கிறது, நாம் எதற்குத் தோண்ட வேண்டும்? பதினாறு வயதில் படித்ததை யார் கேட்கப் போகிறார்கள்? மகளின் ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) 3.82. அது இறங்கிவிடுமோ என்று பயம். ஏபியை எங்கே, எந்த கிரேடு போட்டு எழுதுவது என்றும் புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

பழைய_ரெஜிஸ்ட்ரார் எழுதியது:

வணக்கம் சார். நான் ஒரு யுனிவர்சிட்டி ரெஜிஸ்ட்ரார் ஆபீசில் டிரான்ஸ்கிரிப்ட் மேசையில் இருந்து ரிட்டயர் ஆனவள். ஏப்ரல், மே வந்தால் மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும் ப்ரீமெட் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பாதிப் பேரின் கேள்வி உங்கள் கேள்விதான்.

முதலில் உங்கள் மனைவிக்கு. ஆம்காஸ் கேட்பது ஹைஸ்கூலுக்குப் பிந்தைய படிப்பை மட்டுமல்ல. எந்த வயதில் படித்திருந்தாலும் காலேஜ் கோர்ஸ் என்றால் காலேஜ் கோர்ஸ்தான். அமெரிக்கா, கனடாவில் பதிவு செய்த ஒவ்வொரு காலேஜும், ஒவ்வொரு கோர்ஸும் வர வேண்டும். விட்டது, தோற்றது, திரும்ப எடுத்தது எல்லாமே. அந்த டபிள்யூவும் வரும், ஆனால் ஜிபிஏவில் அதற்குக் கணக்கு இல்லை.

யுனிவர்சிட்டி மூடிக்கொடுத்திருக்கிறது என்பதும் சரியில்லை. மகளின் டிரான்ஸ்கிரிப்டை எடுத்து முதல் பக்கத்தின் மேல்பகுதியைப் பாருங்கள். முதல் ஃபால் செமஸ்டருக்கு முன்னால் "டிரான்ஸ்ஃபர் கிரெடிட்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் கம்யூனிட்டி காலேஜின் பெயர் அச்சாகியிருக்கும். ஆம்காஸில் சரிபார்ப்பவர் அந்தப் பெயரைப் பார்த்ததுமே "இந்த காலேஜின் டிரான்ஸ்கிரிப்ட் எங்கே" என்று கேட்பார். தெரிந்தே விட்டால் இன்னும் மோசம். இதை விசாரிப்பதற்கென்றே அவர்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள், அந்த அறிக்கை மெடிக்கல் ஸ்கூல்களுக்குப் போகும். சி பிளஸோடு உள்ளே போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு காலேஜை மறைத்ததற்கு விளக்கம் எழுத வேண்டிய நிலைமை யாருக்கும் வேண்டாம்.

அந்த கோர்ஸ்களை எழுத வேண்டியது கம்யூனிட்டி காலேஜின் பெயருக்குக் கீழே, அங்கே வாங்கிய கிரேடோடு, படிப்பு நிலை "ஹைஸ்கூல்" என்று. யுனிவர்சிட்டிக்குக் கீழே டி.ஆர். என்று இன்னொரு தடவை எழுதக்கூடாது. நிறையப் பேர் அங்கேதான் இரட்டிப்பாகப் போட்டுவிட்டு, பின்னால் முழிப்பார்கள்.

ஜிபிஏ இறங்குமா? இறங்கும். யுனிவர்சிட்டியில் கிரேடு வாங்கிய கிரெடிட் 90 என்று வைத்துக்கொள்வோம். காம்போசிஷன் 3 கிரெடிட், ப்ரீகால்குலஸ் 4 கிரெடிட் என்றால், ஆம்காஸ் கணக்கில் பி 3.0, சி பிளஸ் 2.3. எல்லாவற்றையும் சேர்த்து வகுத்தால் 3.82 என்பது 3.73 ஆகும். ப்ரீகால்குலஸ் கணக்குப் பாடம் என்பதால் பிசிபிஎம் ஜிபிஏவையும் கொஞ்சம் இழுக்கும். அதாவது பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், மேத்ஸ் மட்டும் தனியாகப் போடும் சராசரி. ஆனால் ஆம்காஸ் வருட வாரியாகப் பிரித்துத்தான் காட்டும். ஹைஸ்கூல் வரிசையில் அந்த இரண்டு கோர்ஸ், அதற்குக் கீழே மூன்று வருட நல்ல கிரேடு. படிக்கிறவர்களுக்குக் கண் இருக்கிறது.

இப்போது ஏபி. ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு கொடுத்த 5ஐ இந்தப் பகுதியில் எங்கும் எழுத வேண்டியதில்லை. ஆம்காஸுக்குத் தேவை, யுனிவர்சிட்டி கிரெடிட் கொடுத்ததா, டிரான்ஸ்கிரிப்டில் இருக்கிறதா என்பது மட்டும்தான். இருந்தால் யுனிவர்சிட்டியின் பெயருக்குக் கீழே, அந்த கிரெடிட் முதலில் ஏறிய செமஸ்டரில், "ஃப்ரெஷ்மன்" (முதல் வருட) நிலையில், சிறப்பு வகை "அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்" என்று தேர்ந்தெடுத்து எழுதுங்கள். கிரேடு கிடையாது, ஜிபிஏவில் சேராது. கடைசியில் வரும் ஜிபிஏ பக்கத்தில் ஏபி அவர்ஸ் (ஏபி கிரெடிட் அளவு) என்று தனி வரியில் போய் உட்காரும். ஃபிசிக்ஸுக்கு கிரெடிட் வரவில்லை அல்லவா, அப்படியென்றால் அது ஃபார்மிலேயே இல்லை.

ஒரு தலைவலி மட்டும் உண்டு. சில இடங்களில் பாடம் பிரிக்காமல் "ஏபி கிரெடிட் 24" என்று மொத்தமாகப் போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் இப்போதே ரெஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு மெயில் போட்டு, எந்தப் பாடத்துக்கு எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். மே கடைசியில் கேட்டால், மன்னிக்கவும், எங்கள் ஆபீசில் ஆள் இருக்காது.

மொத்தத்தில் இது பாஸ்புக்கைப் பார்த்து நோட்டில் எடுத்தெழுதும் வேலை மாதிரிதான். சொந்த யோசனைக்கு இடமில்லை. டிரான்ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு அதில் இருக்கும் வரிசையிலேயே கோர்ஸ் எண், பெயர், கிரெடிட், கிரேடு என்று போடச் சொல்லுங்கள். நினைவிலிருந்து போட்டால் "ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப்" ஒரு கிரெடிட்டா இரண்டா என்பதில் நிச்சயம் தடுக்கும்.

—

ரெசிடென்ட்_மதுரை எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஃபார்மில் ஏபி ஏறுவது வேறு, மெடிக்கல் ஸ்கூல் அந்த ஏபியைத் தங்கள் கட்டாயப் பாடத்துக்கு ஈடாக ஏற்பது வேறு. ஆம்காஸ் எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்ளும், முடிவு ஒவ்வொரு ஸ்கூலுடையது. சிலர் ஏற்கிறார்கள், சிலர் ஏற்பதில்லை. சிலர் "ஏபி பயாலஜி சரி, ஆனால் அதற்கு மேல் லேபோடு பயாலஜி எடுத்திருக்க வேண்டும்" என்கிறார்கள். ஏபி மேத்ஸில் பொதுவாக யாரும் ரொம்ப அடம்பிடிப்பதில்லை.

அண்ணா, மகள் ஏபியை வைத்து நேராக ஜெனடிக்ஸ், செல் பயாலஜி, ஆர்கானிக், பயோகெமிஸ்ட்ரி என்று மேலே போயிருந்தால் கவலையே வேண்டாம். பயாலஜியில் ஏபியோடு நிறுத்தியிருந்தால்தான் பிரச்சினை. எம்எஸ்ஏஆர் என்ற இணையதளத்தில் ஸ்கூல் வாரியாகப் போட்டிருப்பார்கள், அவள் பட்டியலில் உள்ள ஸ்கூல்களை மட்டும் பார்த்தால் போதும்.

இன்னொன்று, தப்பாக நினைக்காதீர்கள். ஃபார்மை அவள் நிரப்பட்டும். உள்ளே இருப்பதெல்லாம் உண்மை என்று உறுதி சொல்லி அனுப்பப்போவது அவள். இன்டர்வியூவில் சி பிளஸ் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்லப்போவது அவள்.

—

ஃபிரிஸ்கோ_சித்தி எழுதியது:

டெக்சாஸ்காரர்கள் கவனிக்க: இங்குள்ள அரசு மெடிக்கல் ஸ்கூல்களுக்கு டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்று தனி ஃபார்ம். ஆஸ்டியோபதி ஸ்கூல்களுக்கு (எம்டிக்குப் பதில் டிஓ பட்டம் தரும் மெடிக்கல் ஸ்கூல்கள்) ஆகோமாஸ். கோர்ஸ்களை ஒவ்வொன்றிலும் புதிதாகத்தான் அடிக்க வேண்டும். ஆகோமாஸில் திரும்ப எடுத்த கோர்ஸுக்குப் புது கிரேடு மட்டும் எடுத்துக்கொள்வார்கள் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். 2017லேயே அதை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கும் ஒரு சந்தேகம். அக்கா மகன் கோயம்புத்தூரில் பிஎஸ்சி மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு இங்கே மாஸ்டர்ஸ் படிக்கிறான். அவன் பிஎஸ்சி மார்க்கை எப்படிப் போடுவது?

—

பழைய_ரெஜிஸ்ட்ரார் எழுதியது:

காலேஜ் பெயரைப் போட வேண்டும். ஆனால் வெளிநாட்டுப் படிப்பை ஆம்காஸ் சரிபார்ப்பதும் இல்லை, ஜிபிஏவில் சேர்ப்பதும் இல்லை. பெரும்பாலான ஸ்கூல்கள் கட்டாயப் பாடங்களை அமெரிக்காவில் அல்லது கனடாவில் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். மாஸ்டர்ஸ் கிரேடு தனி வரிசையில்தான் வரும், அது பட்டப்படிப்பு ஜிபிஏவுக்கு ஈடாகாது. விருப்பமுள்ள ஸ்கூல்களுக்கு நேராக மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள், காசு கட்டும் முன்பே.

—

எடிசன்_அப்பா எழுதியது:

அக்கா, தம்பி, ரொம்ப நன்றி. மகளிடம் படித்துக்காட்டினேன். ஜெனடிக்ஸும் பயோகெமிஸ்ட்ரியும் ஏற்கெனவே முடித்துவிட்டாளாம், லேபும் எடுத்திருக்கிறாளாம். என்னை இனி பாஸ்வேர்டு கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். மனைவி இன்னும் சமாதானமாகவில்லை, 3.73ஐப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஒரே ஒரு கேள்வி: கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்கிரிப்டை நாங்களே ஸ்கேன் செய்து ஏற்றலாமா?

—

பழைய_ரெஜிஸ்ட்ரார் எழுதியது:

கூடாது. காலேஜிலிருந்து நேராகத்தான் போக வேண்டும். பார்ச்மென்ட் அல்லது நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பும் ஆன்லைன் சேவை வழியாக ஆர்டர் செய்யும்போது அவளுடைய ஆம்காஸ் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். எல்லா டிரான்ஸ்கிரிப்டும் வந்து சேரும் வரை சரிபார்ப்பு வரிசையில் அவள் பெயர் ஏறாது. ஜூனில் அந்த வரிசை வாரக்கணக்கில் நீளும். அந்த காலேஜ் போர்ட்டலில் பழைய லைப்ரரி ஃபைன் ஏதாவது நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதற்காக டிரான்ஸ்கிரிப்டைப் பிடித்து வைக்கும் காலேஜ்கள் உண்டு.