புதுப்பிப்பு: முதல் 15 ஆட்டங்களை வைத்து என்பிஏ அணிகளை எடைபோடலாமா?

2024 நவம்பரில் இங்கே கேட்டிருந்தேன்: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் கிளீவ்லேண்ட் அணி 15-0 (15 வெற்றி, தோல்வியே இல்லை) என்று தொடங்கியிருக்கிறது, இதை நம்பலாமா? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முடிவு இதுதான். கிளீவ்லேண்ட் 64-18 என முடித்தது, ஆனால் பிளேஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) இரண்டாம் சுற்றில் இந்தியானா அணியிடம் 4-1 எனத் தோற்றது. "வெற்றிக் கணக்கை விடுங்கள், ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கிறார்கள் என்று பாருங்கள்" என்று இங்கே பதிலில் வந்த யோசனைதான் பலித்தது. ஓக்லஹோமா சிட்டி அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 12.9 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அது லீக் சாதனை. கோப்பையும் அவர்களுக்கே.

எதிர்பாராதது இந்தியானா. 10-15 என்று தடுமாறியபோது நான் அவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்த அணியின் வீரர்கள் நெம்ஹார்டும் நெஸ்மித்தும் அப்போது காயத்தால் பல ஆட்டங்கள் ஆடவில்லை. அதைப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் 40-17, நேராக இறுதிச்சுற்று.

ஓக்லஹோமாவுடனான இறுதிச்சுற்றின் கடைசி, ஏழாவது ஆட்டம் சென்னை நேரப்படி திங்கள் காலை 5:30க்கு. பெரம்பூர் வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். இந்தியானாவின் நட்சத்திர வீரர் ஹாலிபர்ட்டன் மூன்று த்ரீ பாயிண்டர் (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளிக் கூடை) போட்டிருந்தார். முதல் கால்பகுதியிலேயே, யாரும் இடிக்காமல், குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். தரையைக் கையால் அடித்துக்கொண்டே கிடந்தார். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. 103-91 என ஓக்லஹோமா வென்றது.

இந்த சீசனில் முதலில் புள்ளி வித்தியாசம், உடனே காயப் பட்டியல், இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன்.