அக்வா காருக்குள்ளேயே படுத்து ஊர் சுற்ற என்னென்ன மாற்றலாம்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். யாழ்ப்பாணத்திலிருந்து அறுகம்குடா, பிறகு நுவரெலியா என்று மனிசியோடு காரிலேயே தங்கித் திரிய ஆசை. இருப்பது பழைய டொயோட்டா அக்வா, 1.5 லீற்றர் ஹைபிரிட். பெற்றோல் குறைவாகக் குடிக்கிற வாகனம், விற்க மனமில்லை.

பெரிய தலையிடி படுக்கைதான். பின் சீற்றை மடித்தாலும் தளம் சமமாக வராது. பலகை அடித்து மெத்தை விரிக்கலாம். ஆனால் ஹைபிரிட் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே. அதைக் குளிராக்கக் காற்று இழுக்கும் துவாரமும் சீற்றோரமாகவே இருக்கிறது. அதை அடைக்காமல் பலகை அடித்தவர்கள் இருந்தால் தயவுசெய்து படம் போடுங்கோ.

இரவில் 'ரெடி'யில் (கார் ஓடத் தயாராக, ஆனால் நிறுத்தி வைத்திருக்கும் நிலை) விட்டு ஏசி போட்டுப் படுப்பீர்களா? பற்றரி இறங்கினால் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும். புகை உள்ளே வந்தால்? ஜன்னலுக்கு வலை கட்டிச் சின்ன ஃபேன் வைப்பதே மேல் என்கிறாள் மனிசி (பெரும்பாலும் அவள் சொல்வதுதான் சரியாக வரும்).

தரையிலிருந்து உயரம் 140 மில்லிமீற்றர்தான். ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர் (காரை உயர்த்த வைக்கும் துண்டு) வைக்கலாம் என்கிறார் கராஜ்காரர். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை, கொஞ்சம் உயரமான ரயர் போதாதா? கூரையில் கரியர் பூட்டியவர்களுக்குப் பெற்றோல் செலவு எவ்வளவு கூடியது?