வடசென்னையில் பக்கிங்காம் கால்வாய்ப் படகுப் போக்குவரத்து நின்றுபோனது ஏன்?

கேள்வி: கொருக்குப்பேட்டை வாசகர்
வணக்கம். பேசின் பாலம் வரை விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் வந்ததை எங்கள் பகுதிப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1960களின் புயல்களே அந்தப் போக்குவரத்தை முடித்துவிட்டன என்று சிலரும், கழிவுநீரே காரணம் என்று வேறு சிலரும் கூறுகின்றனர். எது சரி என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: கரையோரன்
ஐயா, இரண்டுக்கும் முன்பே சரிவு தொடங்கிவிட்டது என்பதே என் கருத்து. உங்கள் பகுதி வழியாகச் செல்வதுதான் இக்கால்வாயின் மிகப் பழைய பகுதி. கிழக்கிந்தியக் கம்பெனிக் கால வணிகரான பாசில் காக்ரேனின் முயற்சியால் 1806 வாக்கில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் வெட்டப்பட்டு, முதலில் அவர் பெயராலேயே வழங்கியது. பிறகு பழவேற்காட்டைக் கடந்து கிருஷ்ணா ஆற்றுக் கால்வாய்கள் வரை நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தின்போது (1876–78), பக்கிங்காம் கோமகன் ஆளுநராக இருந்த காலத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதி நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. பக்கிங்காம் என்ற பெயர் அதன் பின்னரே வந்தது; மண் சுமந்தவர்கள் பசியால் வாடிய ஏழைகள் என்பதையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். தெற்கே மரக்காணம் வரை சேர்த்தால் மொத்த நீளம் சுமார் 420 கி.மீ.

காற்று வாய்த்தால் பாய் விரித்தும், வாய்க்காவிட்டால் ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் படகுகளைச் செலுத்தினர். நெல்லும் சவுக்குக் கட்டையும் உப்பும் அவ்வாறே நகருக்கு வந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடற்கரையை ஒட்டியே ரயில் பாதை வந்தது. பின்னர் லாரிகள் வந்தன. இது கடல் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதை, நம்பிய கால்வாய் என்பதால், முகத்துவாரங்களில் மணல் அடைத்தால் உள்ளே நீர்மட்டம் குறைந்துவிடும். ஆகவே இடைவிடாமல் தூர்வார வேண்டியிருந்தது. சரக்கு குறைந்தபின் அச்செலவை ஏற்க யாரும் முன்வரவில்லை. 1965, 1966 புயல்களில் சிதைந்த கால்வாய், அதனாலேயே பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

மறுமொழி: எண்ணூர்க்காரன்
கழிவுநீரைப் பின்னால் வந்த காரணமாக ஒதுக்கிவிட முடியாது. படகு ஓடும்வரை ஆழத்தைக் காக்க ஒரு தேவை இருந்தது. அது போனதும் சாக்கடையும் ஆலைக்கழிவும் வந்து சேரும் இடமாகக் கால்வாய் மாறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் இக்கால்வாய் வழியாகவே எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து, மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. இறாலையும் நண்டையும் நம்பி வாழும் எங்கள் மக்களுக்கு இது பழங்கதை அன்று.

மறுமொழி: வியாசர்பாடி வாசி
காக்கிநாடா–புதுச்சேரி வழித்தடத்தின் பகுதியாக இக்கால்வாய் 2008இல் தேசிய நீர்வழி 4இல் சேர்க்கப்பட்டது. ஆனால் நகரின் நடுவே, சேப்பாக்கத்துக்குத் தெற்கே, பறக்கும் ரயில் பாதையின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. அவ்வழியே சரக்குப் படகு செல்லும் என நான் நம்பவில்லை. பேசின் பாலத்துக்கு வடக்கே அந்தத் தடை இல்லை. அங்கே படகு வந்தாலும் வராவிட்டாலும், மழை வெள்ளம் எண்ணூர் வழியாக வடிய வேண்டுமானால், கால்வாயோடு கழிமுகத்தையும் சேர்த்தே தூர்வார வேண்டும்.