ராம்பூரி முதல் கோய்த்தா வரை: மும்பை கேங்குகளின் 'சாமான்' (ஆயுதம்) மாறிய விதம்

மாட்டுங்கா வாசி:

பம்பாய் தாதா என்றாலே கையில் துப்பாக்கி என்று சினிமா பழக்கிவிட்டது. 1970கள் வரை அங்கே கேங் சண்டை என்றால் சோடா பாட்டில், சைக்கிள் செயின், ஹாக்கி மட்டை, இரும்புத் தடி இவ்வளவுதான். பெரிய காரியத்துக்கு ராம்பூரிக் கத்தி. பனைக்குளத்திலிருந்து போன ஹாஜி மஸ்தான் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை என்பார்கள். பதான் கும்பலின் கரீம் லாலாவுக்கு ஒரு கைத்தடி இருந்தது. வீட்டைக் காலி செய்ய மறுப்பவர் வாசலில் அந்தத் தடியைச் சாத்திவைத்தால் போதும், சாமான் தானாக வெளியே வரும் என்று பேச்சு. முகம் தெரிந்த பேட்டையில் பேர்தான் ஆயுதம்.

ராம்பூரி, உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் செய்த மடக்குக் கத்தி. நவாப் காலத்துக் கொல்லர் பட்டறைகளின் வாரிசு. பிரிக்கும்போது பல் பல்லாக 'கடகட'வென்று ஒரு சத்தம் வரும். முக்கால்வாசி நேரம் அந்தச் சத்தத்திலேயே காரியம் முடிந்துவிடும். மடித்தால் இடுப்பில் இருப்பதே தெரியாது. 4.5 அங்குலத்துக்கு மேல் அலகு கூடாதென்று மாநில அரசு தடை போட்ட பிறகு தொழில் படுத்துவிட்டது. 2023ல் அதே ராம்பூரில் 6.1 மீட்டர் உயரத்துக்குக் கத்தி ஒன்றைச் சிலையாக நிறுத்தினார்கள். பட்டறைக்கு மூடுவிழா, நாற்சந்தியில் திறப்புவிழா.

தடயவியல் மேசை:

கத்தி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காலக் கத்திகள் பலவற்றில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே கைத்தடுப்பு இல்லை. முனை எலும்பில் முட்டினால், ரத்தத்தில் வழுக்கிய கை முன்னே நகர்ந்து குத்தியவன் விரலையே அறுக்கும். அதனால்தான் பிடிபட்டவனின் உள்ளங்கையை முதலில் பார்ப்பார்கள்.

ராம்பூரிக்குப் பக்கத்திலேயே ஓடியது சாப்பர், அதாவது கசாப்புக் கத்தி ஜாதி. குத்துக்காயத்தில் ஆழம் அதிகம், நீளம் குறைவு. சாப்பர் வெட்டில் காயம் நீளும், எலும்பில் அலகின் தடம் பதியும். தடுக்கக் கையைத் தூக்கியவரின் முன்கையிலும் வெட்டு விழும். இரண்டுக்கும் தொடுகிற தூரத்தில் நின்றாக வேண்டும். சட்டையில் ரத்தம் தெறிக்கும், எதிராளி முகத்தைப் பார்ப்பான், தெருவும் பார்க்கும்.

லால்பாக் பழசு:

அந்தத் தூரம் விலகியதுதான் பெரிய மாற்றம். 1981 பிப்ரவரி 12 அன்று பிரபாதேவி பெட்ரோல் பங்கில் தாவூதின் அண்ணன் சபீர், காரில் இருந்தபடியே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குமுன்பும் துப்பாக்கி இருந்தது. ஆனால் கும்பல் பகைக்கு அதுதான் வழி என்றானது அதற்குப் பிறகு. 1983 செப்டம்பரில் அந்தக் கொலையில் கைதான பதான் கும்பல் அமீர்ஜாதாவை நீதிமன்றத்துக்குள்ளேயே சுட்டார்கள். அதை ஏற்பாடு செய்த படா ராஜனை, சில வாரங்களிலேயே கடற்படைச் சீருடையில் வந்த ஒருவன் கோர்ட்டு வாசலில் சுட்டான். அவன் கும்பலில் வளர்ந்தவன் அல்ல, ஆட்டோ ஓட்டியவன். கத்திக்கு நெஞ்சுரமும் பழக்கமும் வேண்டும். ரிவால்வருக்கு ஒரு சுபாரி (கொலைக்கான கூலி), ஒரு மாறுவேடம், பத்தடி தூரம். 1982 ஜனவரியில் தொடங்கிய மில் ஸ்டிரைக்கில் மில் பேட்டையான கிரண்காவின் பையன்கள் வேலையில்லாமல் நின்ற நேரம் வேறு. ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

பேச்சும் மாறியது. துப்பாக்கி 'கோடா' (குதிரை), தோட்டா 'தானா' (தானியம்). சென்னையில் 'பொருள்' என்பதைப் போல.

கிரிமினல் சைடு வக்கீல்:

எந்தத் துப்பாக்கி என்பதைத் தீர்மானிப்பது தோட்டாதான். 1959 ஆயுதச் சட்டப்படி 9 மி.மீ., .303 குழல் அளவுள்ளவை எல்லாம் தடைசெய்யப்பட்ட ரகம், அவற்றின் தோட்டா படைகளுக்கும் போலீசுக்கும்தான். .315, 12 போர், .32 மூன்றும் லைசென்ஸ்காரர்களுக்குக் கடையில் கிடைப்பவை. 'கட்டா' எனும் நாட்டுத் துப்பாக்கி பெரும்பாலும் .315க்கும் 12 போருக்கும் இருப்பதும், பீகாரின் முங்கேர் சரக்கில் 7.65 மி.மீ. (.32) பிஸ்டல் அதிகம் பிடிபடுவதும் இதனால்தான். துப்பாக்கி கள்ளச்சரக்கு, தோட்டா நல்ல கடையிலிருந்து நழுவியது.

தடயவியல் மேசை:

கட்டாவைப் பற்றி ஒன்று, வக்கீல் சார். அதன் குழலில் பெரும்பாலும் உள்வரி (தோட்டாவைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளம்) கிடையாது. தோட்டா சுழலாமல் புரண்டு போகும். சில அடி தள்ளினாலே குறி தப்பும், சில நேரம் பக்கவாட்டில் போய்ப் பாயும். உள்வரித் தடம் இல்லாததால் தோட்டாவை வைத்து ஆயுதத்தைப் பொருத்திக் காட்டுவது கஷ்டம். காலித் தோட்டாவின் பின்புறத்தில் சுத்தியல் ஊசி அடித்த குழி அகப்பட்டால்தான் உண்டு. குழலே வெடித்தால் சுட்டவன் விரலும் போகும். எவ்வளவு கிட்டே இருந்து சுட்டான் என்பதைத் தோல் சொல்லும். கைத்துப்பாக்கியில் எரியாத மருந்துத் துகள் சுமார் 60 செ.மீ. வரை பச்சை குத்தியதுபோல் பதியும்.

லால்பாக் பழசு:

அடுத்தது ஏ.கே. ரகத் தானியங்கித் துப்பாக்கி. 1991 நவம்பர் 16 லோகண்ட்வாலா என்கவுண்டரில் மாயா டோலாஸ் கும்பலிடம் அது இருந்தது. 1992 செப்டம்பர் 12 தாவூத் ஆட்கள் ஜே.ஜே. மருத்துவமனைக்குள் புகுந்து, எதிர்க் கும்பலான அருண் கவ்லியின் ஆளைக் கொன்றபோது காவலுக்கு நின்ற இரண்டு கான்ஸ்டபிள்களும் செத்தார்கள். 1993 தொடக்கத்தில் ராய்கட் கரையில் ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து இறங்கிய வழியிலேயே ஏ.கே.56 பெட்டிகளும் இறங்கின. மார்ச் 12ல் குண்டுகள் வெடித்து 257 பேர் இறந்தார்கள்.

ஆனால் தெருக் கும்பலுக்கு ஏ.கே. ஒத்துவரவில்லை. முக்கால் மீட்டருக்கு மேல் நீளம், மூன்று கிலோவுக்கு மேல் எடை, சட்டைக்குள் போகாது. 7.62 தோட்டா தீர்ந்தால் உள்ளூரில் கிடைக்காது. போலீசும் விடாது.

கிரிமினல் சைடு வக்கீல்:

தண்டனையும் அப்படி. தடைசெய்யப்பட்ட ரகத்தை வைத்திருந்தாலே அப்போது குறைந்தது 5 ஆண்டு. 2019 திருத்தத்தில் அது 7 ஆனது. ஏ.கே.56 வழக்கில் 2013ல் உச்ச நீதிமன்றம் சஞ்சய் தத்துக்கு விதித்த 5 ஆண்டு, அந்தக் குறைந்தபட்சமேதான். அதனால் 90களின் நடுவிலிருந்து மறுபடி பிஸ்டலும் மோட்டார் சைக்கிளும். 1997 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்தை பவாயில் வழிமறித்துச் சுட்டது அந்தப் பாணிதான்.

மாட்டுங்கா வாசி:

இப்போது பக்கத்துப் புனேயைப் பாருங்கள். கரும்பு வெட்டும் கோய்த்தாவைத் தூக்கிக்கொண்டு பைக்கில் சுற்றும் விடலைகள், கண்ணில் படும் கார்க் கண்ணாடியை உடைத்து ரீல்ஸ் போடுகிறார்கள். 'கோய்த்தா கேங்' என்றே பேர். மறைக்கவேண்டிய ஆயுதம் போய், காட்டவேண்டிய ஆயுதம் வந்துவிட்டது.

கிரிமினல் சைடு வக்கீல்:

அதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள அலகு ஆயுதப் பட்டியலில் வரும். ஆனால் வீட்டு, விவசாய, தொழிற்பயன்பாட்டுக்குச் செய்தது வராது. நம்மூர் அரிவாளும் அதே கதைதான். கோய்த்தா கரும்புக்குச் செய்தது என்று எதிர்த்தரப்பு வாதாடும், அரசுத் தரப்பு அது நள்ளிரவில் எந்தக் கரும்பு என்று கேட்கும். 2023 ஜனவரியில் புனே போலீஸ் கடைக்காரர்களிடம், கோய்த்தா வாங்குபவரின் ஆதார் எண்ணைக் குறித்துவைக்கச் சொன்னது.