பழைய சட்டைகளைச் சேர்த்து ஒரு கவுன்: முதல் வெட்டு எங்கே போடுவது?

நூல்கண்டு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். யாரோ உடுத்திக் கழித்த ஆண்கள் சட்டை ஐந்தும் ஒரு நீல ஜீன்ஸும் வாங்கி வைத்திருக்கிறேன். சட்டை எல்லாம் எக்ஸ்எல் அளவு. காட்டன் என்றுதான் நினைக்கிறேன், ஒன்றிரண்டில் துணி விவரம் போட்ட லேபிளே இல்லை. இவற்றைச் சேர்த்து, முழங்காலுக்குக் கீழே வருகிற மாதிரி, முன்பக்கம் பட்டன் வைத்த ஒரு கவுன் தைக்க ஆசை. என்னிடம் இருப்பது சாதாரண வீட்டு மிஷின், நேர்த் தையலும் ஜிக்ஜாகும் போடும். புதுத் துணியில் தைத்துப் பழக்கம் உண்டு. ஆனால் புதுத் துணி என்றால் விரித்துப் போட்டு மார்க் பண்ணி வெட்டிவிடலாம். சட்டையை விரித்தால் ஒரு பக்கம் காலர் தூக்கிக்கொண்டு நிற்கிறது, இன்னொரு பக்கம் கை மடங்கிக் கிடக்கிறது, கத்தரியை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

எல்லாத் தையலையும் பிரித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா, இல்லை தையலை ஒட்டி வெட்டிவிட்டால் போதுமா? பிரித்த இடத்தில் ஊசி ஓட்டை தெரியுமே, அதற்கு என்ன வழி? ஜீன்ஸையும் சட்டைத் துணியையும் ஒரே உடுப்பில் சேர்க்கலாமா? அப்புறம், இவ்வளவு மெனக்கெட்டுத் தைத்த பிறகு துணி நைந்து கிழிந்தால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். அதை முன்னாலேயே கண்டுபிடிக்க முடியுமா?

காஜாபட்டன்

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் துணி சரியில்லை என்றால் மற்ற மூன்றும் வீண் பேச்சு.

முதலில் எல்லாவற்றையும் ஒருமுறை துவைத்துவிடுங்கள். காட்டன் தாங்கும், 60 டிகிரி வெந்நீரே போடலாம், மூட்டைப்பூச்சி ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருந்தாலும் அதில் போய்விடும். ஏற்கனவே பலமுறை துவைத்த துணி என்பதால் இனி பெரிதாகச் சுருங்காது, சாயமும் அதிகம் விடாது. பழைய துணியில் தைப்பதில் இது ஒரு பெரிய சௌகரியம். ஆனால் ஐந்து சட்டையும் ஐந்து வீட்டில் வளர்ந்தவை, ஒன்று எப்போதும் பச்சைத் தண்ணீரில் மட்டும் துவைக்கப்பட்டிருக்கலாம். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே சூட்டில் ஒருமுறை போட்டு எடுக்கச் சொல்கிறேன்.

காய்ந்ததும் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் மற்ற இடத்தைவிட வெளிறி, வலை விழுந்தது போல் தெரியும். சட்டையில் முதலில் போவது காலர் மடிப்பு, கஃப் ஓரம், முழங்கை. ஜீன்ஸில் தொடையின் உள்பக்கம், உட்காருகிற இடம், முழங்கால். சந்தேகமான இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் ஒட்டி வைத்து, துணியைப் பிடித்து, நன்றாக விலக்கி இழுங்கள். நூல் விலகி வழி விட்டாலோ மெல்லிய சடசடப்புக் கேட்டாலோ அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். ஊடைவாட்டில் (குறுக்கே ஓடும் நூல்) ஒருமுறை, பாவுவாட்டில் (நெடுக்கே ஓடும் நூல்) ஒருமுறை, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

லேபிள் இல்லாத சட்டைக்கு: உள்தையலில் இருந்து ஒரு கொத்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துப் பற்றவைத்துப் பாருங்கள். தையல் நூலை உருவாதீர்கள், அது பாலியஸ்டராக இருக்கும், துணியின் நூல்தான் வேண்டும். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், மிருதுவான சாம்பல்தான் மிஞ்சும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நிற்கும். சாம்பலும் இருக்கிறது, நடுநடுவே கெட்டியாகவும் தட்டுப்படுகிறது என்றால் கலப்புத் துணி. கலப்பென்றால் தைக்கக்கூடாது என்றில்லை, இஸ்திரிச் சூட்டைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரிப்பதைப் பற்றி: முழுக்கப் பிரிக்காதீர்கள், பைத்தியம் பிடிக்கும். ஆண்கள் சட்டையின் பக்கத் தையல் பெரும்பாலும் ஓரத்தை உள்ளே மடித்து இரண்டு வரிசை அடித்தது. அதைப் பிரித்தாலும் பக்கத்துக்கு ஒரு செ.மீ. துணிதான் கூடுதலாகக் கிடைக்கும், அதிலும் மடிப்புக் கோடு போகாது. ஒட்டி வெட்டிவிடுங்கள். வேண்டிய வடிவத்தோடு எடுக்க நினைக்கும் பாக்கெட், காலர் மாதிரிப் பாகங்களை மட்டும் பிரியுங்கள். சாதாரண மிஷின் தையல் என்றால் ஒரு பக்கம் மூன்று நான்கு தையலுக்கு ஒரு முறை நூலை வெட்டிக்கொண்டே போய், மறுபக்க நூலைப் பிடித்து இழுத்தால் முழு நீளமாக வந்துவிடும். துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு இடையில் பிளேடு ஓட்டுகிற வேலை மட்டும் வேண்டாம்.

ஊசி ஓட்டை காட்டனில் பெரிய விஷயமில்லை. ஈரப்படுத்தி, நகத்தால் நெடுக்கிலும் குறுக்கிலும் தேய்த்து, ஆவி இஸ்திரி போட்டால் நூல்கள் திரும்ப நகர்ந்து ஓட்டை மூடிக்கொள்ளும். தோலிலும் நெருக்கமாக நெய்த சாட்டின் துணியிலும் இது நடக்காது.

கத்தரிக்காரி

காஜாபட்டன் சொன்னதில் பிரிக்கிற விஷயம் வரை முழுச் சம்மதம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். நூல்கண்டு, நீங்கள் மனதில் வரைந்து வைத்திருக்கிற கவுனைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். புதுத் துணியில் கவுனுக்கு ஏற்ப வெட்டுகிறோம், இங்கே சட்டையில் இருப்பதற்கு ஏற்பக் கவுனை மாற்றிக்கொள்ள வேண்டும். சட்டையை வெறும் துணியாகப் பார்த்து எல்லாவற்றையும் சின்னச் சின்னத் துண்டாக்கிவிட்டு, பிறகு பட்டன் பட்டி தைத்துக் காஜா போடுவதைப் பார்த்திருக்கிறேன். அவை ஏற்கனவே ஒருவர் ஒழுங்காகத் தைத்து வைத்தவை, அதுவும் ஒரு உடுப்பிலேயே கஷ்டமான வேலை! அதை வெட்டி எறிவானேன்?

உங்களுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த கவுன் வேண்டும், கையில் இருப்பது ஐந்து பட்டன் பட்டி. இதைவிட வசதி வேறென்ன? நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். இருப்பதிலேயே நல்ல சட்டையைப் பட்டன் போட்ட நிலையில் விரித்து, உங்களுக்குப் பொருந்துகிற ஒரு மேலுடுப்பின் அளவை அதன் மேல் வைத்து மார்க் பண்ணி, தோளிலும் பக்கத்திலும் குறைத்து, இடுப்பு வரை மேல்பாகமாக எடுத்துக்கொள்வேன். நடுப்பட்டி நடுவிலேயே இருக்க வேண்டும், அதிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக அளக்க வேண்டும். காலர் நைந்திருந்தால் காலரை மட்டும் பிரித்து எடுத்துவிட்டுக் கீழே இருக்கும் காலர் பட்டியை அப்படியே விட்டுவிடலாம், அதுவே அழகாகத்தான் இருக்கும்.

பாவாடைப் பாகத்துக்கு இரண்டாவது சட்டையைக் கைக்குழிக்குக் கீழே நேராகக் குறுக்கே வெட்டுங்கள். கிடைப்பது பட்டன் பட்டியோடு கூடிய ஒரு முழு வட்டம். எக்ஸ்எல் சட்டையில் அதன் சுற்றளவு ஏறக்குறைய 120 செ.மீ. இருக்கும். சுருக்கு வைக்க அது போதாது என்றால் இரண்டு பக்கத் தையலையும் வெட்டித் திறந்து, மூன்றாவது சட்டையின் முதுகைப் பாதியாக வெட்டிப் பக்கத்துக்கு ஒன்றாக நுழைத்துவிடுங்கள். மேல்பாகத்துப் பட்டியும் கீழ்ப்பட்டியும் இடுப்பில் ஒரே கோட்டில் சேர வேண்டும், பட்டன் இடைவெளியும் அங்கே உடையக்கூடாது. இணைப்புக்கு மேலே உள்ள கடைசிப் பட்டனுக்கும் கீழே உள்ள முதல் பட்டனுக்கும் நடுவே மற்ற இடத்தில் உள்ள அதே தூரம் வருகிறதா என்று வெட்டுவதற்கு முன்பே வைத்துப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் இடப்பக்கம் மேலே வரும், பெண்கள் சட்டையில் வலப்பக்கம். உங்களிடம் இருப்பது எல்லாம் ஆண்கள் சட்டை என்பதால் ஒன்றோடு ஒன்று பொருந்திவிடும். நடுவில் ஒரு பெண்கள் சட்டை கலந்தால்தான் தகராறு.

நீளம்தான் இடிக்கும். கைக்குழியிலிருந்து கீழ் ஓரம் வரை 45 அல்லது 50 செ.மீ.தான் தேறும், அதிலும் சட்டையின் அடி ஓரம் வளைவாக இருந்தால் அதை நேராக்க இன்னும் சில செ.மீ. போகும். இருப்பதை வைத்து அடியில் ஒரு ஃபிரில் வையுங்கள், கைத் துணி எல்லாம் அதற்குத்தான். இங்கே கணக்கில் கவனம். 42 செ.மீ. அகலத் துண்டு ஆறு இருக்கிறது, 252 செ.மீ. சுற்றளவு வரும் என்று நினைக்காதீர்கள். வட்டமாகச் சேர்த்தால் ஆறு இணைப்பு, ஒவ்வொன்றும் பக்கத்துக்கு ஒரு செ.மீ. வீதம் இரண்டு செ.மீ. தின்னும், கைக்கு வருவது 240தான். துண்டு சிறிதாகச் சிறிதாக இந்த இழப்பு ஏறிக்கொண்டே போகும், உடுப்பும் தையல்களால் கனத்து விறைத்துப் போகும். அதனால் ஒட்டுத் துணி மோகத்தில் எல்லாவற்றையும் உள்ளங்கை அளவுக்கு வெட்டிவிடாதீர்கள்.

நிறச் சேர்க்கைக்கு எளிய வழி: துண்டுகளைத் தரையில் அடுக்கி, ஃபோனில் கருப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எது துருத்திக்கொண்டு நிற்கிறதென்று உடனே தெரியும்.

நூல்கண்டு

சட்டையை அப்படியே குறுக்கே வெட்டினால் பாவாடை ஆகிவிடும் என்பது தோன்றவே இல்லை, மிக்க நன்றி! கைத் துணியை ஃபிரிலுக்கு வெட்டும்போது நெடுக்கில் வைத்தால் துண்டு போதவில்லை, சிலதைக் குறுக்கே வைத்தால்தான் கணக்கு சரியாகிறது. அப்படிக் கலந்து சேர்க்கலாமா? இன்னொன்று, பாக்கெட்டைப் பிரித்தேன், அடியில் துணி புதுசு போல அடர்த்தியான நீலம், சுற்றி எல்லாம் வெளுப்பு. கட்டமாகத் தெரிகிறது.

பதினாறாம் நம்பர் ஊசி

ஃபிரிலில் நெடுக்கும் குறுக்கும் கலப்பதில் பெரிய ஆபத்து இல்லை, சுருக்கு விழும்போது மறைந்துவிடும். கோடு போட்ட துணி என்றால் மட்டும் கோடு திசை மாறும், அதையே வேண்டுமென்று செய்ததாகக் காட்டிக்கொள்ளலாம். கைத் துணி மேலே அகலம், கீழே குறுகல். சரிந்த ஓரத்தை அப்படியே பயன்படுத்தினால் அது கிராஸாகிவிடும், அதாவது நூலுக்குச் சாய்வாக வெட்டியதாகிவிடும், தொங்கத் தொங்க இழுத்துக்கொள்ளும். ஒரு நூலை உருவி, அந்தத் தடத்தைப் பிடித்து நேராக வெட்டுங்கள். மேல்பாகத்திலும் பாவாடையின் பெரிய துண்டுகளிலும் பாவு நூல் மேலிருந்து கீழாகத்தான் ஓட வேண்டும், அங்கே சமரசம் வேண்டாம்.

பாக்கெட் கட்டத்தை வெளுக்க வைக்க முயற்சி பண்ணாதீர்கள், சமமாக வராது. அதே பாக்கெட்டையோ அதைவிடப் பெரிய வேறொன்றையோ மேலே வைத்துத் தைத்துவிடுங்கள், இல்லை அப்படியே விடுங்கள், எனக்கு அது பிடிக்கும்.

ஜீன்ஸ் என் பேட்டை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். மெல்லிய சட்டைத் துணியிலிருந்து கனமான டெனிம் தொங்கக் கூடாது, இணைப்புத் தையலில் சட்டைத் துணிதான் முதலில் கிழியும். அதனால் ஃபிரிலுக்கு டெனிம் வேண்டாம். இடுப்புப் பட்டி, பாக்கெட், தோள்பட்டி, இங்கெல்லாம் அந்த விறைப்பே உதவும். இடுப்புப் பட்டி என்றால் வெளிப்பக்கம் மட்டும் டெனிம், உள்பக்கத்துக்குச் சட்டைத் துணி வையுங்கள், இல்லையென்றால் பட்டன் பட்டி வந்து சேர்கிற இடத்தில் கனம் ஏறி மிஷின் திணறும். கனமான மடிப்பை ஒரு பழைய துணியால் மூடி சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிவிட்டு அப்புறம் தையுங்கள். டெனிமுக்கு 16ஆம் நம்பர் ஊசி, சட்டைக்கு 12 போதும்.

பாக்கெட் மூலையில் இருக்கும் செம்புக் குமிழ்களில் இருந்து தள்ளியே தையுங்கள். கிழிகிற மூலைகளைக் கெட்டிப்படுத்தத்தான் தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் 1873இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள், இன்றைக்கு நம் ஊசி உடைவது அதில்தான். தைக்கிற இடத்தில் வந்தால் இடுக்கியால் நெம்பி எடுங்கள், அங்கே ஓட்டை விழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கால் ஓரத்து மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். வழக்கமான டெனிமில் பாவு நீலம், ஊடை வெள்ளை. மடிப்பின் விளிம்பு உரசி உரசி வெளுத்து ஒரு வெள்ளைக் கயிறு போட்டது போல் ஓடும், அதற்கு உள்ளே மறைந்திருந்த பட்டை மட்டும் வாங்கிய அன்று இருந்த கருநீலத்தில் இருக்கும். அந்தப் பட்டையை அப்படியே வெட்டி இடுப்புப் பட்டியாக வைத்தால், எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு டிசைன். இரண்டு காலையும் சேர்த்தால் நீளம் கிடைக்கும், இணைப்பைப் பக்கத் தையலுக்கு நேராக வைத்துவிடுங்கள்.

பெரியசைஸ்

தையல் அறிவுரை ஒன்றும் என்னிடம் இல்லை, வேறு ஒன்று சொல்ல வேண்டும். எக்ஸ்எல்லும் அதற்கு மேலும் போடுகிறவர்களுக்குப் பழைய துணியில் நல்லது கிடைப்பது ஏற்கனவே அரிது. கிடைக்கிற நல்ல சட்டையையும் துணி அதிகம் கிடைக்கிறதே என்று ஒல்லியானவர்கள் வாங்கி வெட்டிவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் தொடங்கி பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை உடுப்புக்குக் கூப்பன் முறை இருந்தது, பழையதைப் பிரித்துத் தைக்கச் சொல்லி அரசாங்கமே கையேடு அச்சிட்டது. அன்று எல்லாருக்கும் துணிப் பஞ்சம். இன்று பஞ்சம் எங்களுக்கு மட்டும்தான். இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

கத்தரிக்காரி

நியாயமான பேச்சு. நான் காலர் நைந்தது, கறை பட்டது, பட்டன் பட்டி கிழிந்தது என்று யாரும் எடுக்காததைத்தான் பொறுக்குவேன். கறை முன்பக்கத்தில் இருந்தால் முதுகு முழுசாகக் கிடைக்கிறது, முதுகில் இருந்தால் பட்டி கிடைக்கிறது. நல்ல நிலையில் உள்ளதை வெட்ட எனக்கே மனசு வராது. நூல்கண்டு ஏற்கனவே வாங்கிவிட்டார், ஐந்தும் தேவைப்படாது, பழுதில்லாத ஒன்றைத் திருப்பி விட்டுவிடலாம். படுக்கை விரிப்பு, திரைச்சீலை இவற்றையும் மறக்காதீர்கள், சைஸ் தகராறே இல்லை.

நூல்கண்டு

இது எனக்கு உறைத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில் இரண்டு சட்டைக்கு முழங்கை போய்விட்டது, ஒன்றுக்குக் காலர் கிழிசல். வெட்டப் போவது அந்த மூன்றைத்தான், மற்ற இரண்டையும் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஃபிரிலுக்குத் துணி குறையும், பழைய தலையணை உறை ஒன்று காட்டன்தான், அதைச் சேர்த்துக்கொள்ளலாமா?

காஜாபட்டன்

தாராளமாக. அதையும் அதே சூட்டில் ஒருமுறை துவைத்து எடுத்துவிட்டு வெட்டுங்கள். தலை படுகிற நடுப்பகுதி நைந்திருக்கும், ஓரத்துப் பட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.