ரோமானிய ஏழை ஜனங்க என்ன சாப்பிட்டாங்கன்னு எப்படித் தெரியும்?

கேள்வி: ராஜா, செனட்டர் விருந்து பத்தி நிறைய படிச்சாச்சு, கடை வச்சிருந்தவன், வாடகை வீட்ல இருந்தவன் தினமும் என்ன சாப்பிட்டான்னு ஆதாரம் எதாவது இருக்கா?

பதில் 1: இருக்கு சகோ, அதுவும் கக்கூஸ் குழியில. கி.பி. 79ல இத்தாலியில வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்போ பாம்பேய் நகரத்தோட சேர்ந்து புதைஞ்ச ஹெர்குலேனியம்ங்கிற ஊர்ல, கடைங்களும் மாடி வீடுங்களும் இருந்த ஒரு கட்டடத்துக்கு அடியில நீளமான சுரங்கம் மாதிரி ஒரு கழிவுக்குழி, அதுல இருந்து 700 மூட்டைக்கும் மேல மக்குன கழிவு அள்ளிருக்காங்க. தண்ணி விட்டு சல்லடையில சலிச்சா அத்தி விதை, மீன் முள்ளு, முட்டை ஓடு, கடல் முள்ளெலியோட முள்ளு எல்லாம் தனித்தனியா கிடைச்சுது. வெறும் கஞ்சி குடிச்ச ஜனம் இல்ல, நல்லாவே சாப்பிட்டிருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி இது.

பதில் 2: அருமை ப்ரோ. சாப்பாடு பத்தி இல்லன்னாலும், இதே மாதிரி எதிர்பாராத இடத்துல கிடைச்ச ஆதாரம்னா கிரீன்லாந்து பனிக்கட்டியையும் பாருங்க, ரோமானியர் வெள்ளிக்காக ஈயத்தாது உருக்குன புகை அங்க வரைக்கும் போய் படிஞ்சிருக்கு, கி.பி. 165ல ரோமப் பேரரசுல அன்டோனைன்ங்கிற கொள்ளைநோய் வந்ததும் அந்த ஈயம் சட்டுனு குறையுது.

கேள்வி கேட்டவர்: அய்யோ, பனிக்கட்டியிலயா! ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க, இன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு, உக்காந்து தேடிப் படிக்கப் போறேன்.